புள் காணும் வழி

பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு பாணனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவது ஆற்றுப்படை எனப்படும். வழியில் எந்த ஊர் வரும், அது எந்நிலத்தது, அங்கே என்ன உணவு கிடைக்கும், எவர் வரவேற்பர் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவர் பெயரோடு வழங்கும் இடைக்கழிநாடு கடல்கோளில் மறைந்த நாடன்று. செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல், இன்றும் அப்பெயரோடு ஒரு பேரூராட்சியாக விளங்குகின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் ஓதியூர்க் கழி. நீரின் இடையே கிடக்கும் நிலத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது?

பாணர் கால்நடையாகச் சென்ற அந்நெய்தல் நிலத்தில் இன்று பேருந்தும் சிற்றுந்தும் விரைகின்றன. சென்னையிற் காலையில் புறப்பட்டவர் நண்பகலுக்கு முன்னரே புதுச்சேரியை அடைகின்றார். வழியில் எத்தனை நீர்நிலைகளைக் கடந்தீர் என்று வினவினால் அவரால் விடை கூற இயலாது. எத்தனை உணவு விடுதிகள் என்றால் ஒருகால் கூறக்கூடும்! அந்நீர்நிலைகளிற் சிலவற்றில் இறங்கி நின்று பறவைகளைக் காணுமாறு மாணவர்களை ஆற்றுப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். கூடவே என் கருத்து ஒன்றும் உண்டு. பறவைகளைக் காக்க வேண்டுமாயின், அவை கூடு கட்டும் ஓர் ஏரிக்கு வேலி இட்டால் போதும் என்று நாம் எண்ணுகின்றோம். அது போதாது. அவை இரை தேடும் கழியும் கழனியும் சேற்று நிலமும் காக்கப்பட்டாலன்றி அவ்வேலியால் பயன் சிறிது. இதனை நூல்களைக் கொண்டன்றி, வழியிலுள்ள இடங்களைக் கொண்டே விளக்க முற்படுகின்றேன்.

செங்கல்பட்டைச் சூழ்ந்த நாடு ஏரிகளின் நாடு. இங்குள்ள பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையே உழவர்க்கு உயிர். அந்நீர் கடலுக்கு ஓடிவிடாமல் கரையெழுப்பித் தேக்கினர் நம் முன்னோர். செங்கல்பட்டில் இருப்புப்பாதையை ஒட்டிக் கிடக்கும் கொளவாய் ஏரியும், திருச்சி நெடுஞ்சாலையை அடுத்த மதுராந்தகம் ஏரியும், பெயர் தெரியாத எத்தனையோ தாங்கல்களும் அவ்வாறு அமைந்தவையே. மனிதன் தன் பயிருக்காகத் தேக்கிய நீரில் பறவைகளும் பங்கு கொண்டன. உழவன் அதனைத் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமன்றி, ஓர் ஊரார் அப்பறவைகளுக்காக வழக்கும் உரைத்தனர்.

அவ்வூரே வேடந்தாங்கல். நெடுஞ்சாலையில் செங்கல்பட்டுக்குத் தெற்கே படாளத்தில் மேற்காகத் திரும்பினால் அதனை அடையலாம். தாங்கல் என்பது நீர் தாங்கும் சிறிய ஏரி. வேடர்கள் வந்து வேட்டையாடிய தாங்கல் ஆதலின் வேடந்தாங்கல் ஆயிற்று என்பர். வேடர்க்குப் பின்னர்ப் படைவீரர் வந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த இலயோனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798 ஆம் ஆண்டளவில் அவர், இவ்வேரியில் பறவைகளைக் கொல்லலாகாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை இராமனும் இலக்குவனும் காத்து நின்றதைக் கண்டார் என்று கதையிற் கூறப்படும் கலெக்டர் துரையும் இவரே. அக்கதையை நம்புவோரும் நம்பாதோரும் உளர். கவுலைப் பற்றி ஐயமில்லை. அப்பத்திரம் காணாமற் போனபின், 1858 இல் ஊரார் மீண்டும் விண்ணப்பித்து உரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர். நம் நாட்டில் பறவைகளுக்கெனக் காக்கப்பட்ட இடங்களுள் இது மிகத் தொன்மையானது. சட்டமும் வனத்துறையும் பின்னரே வந்தன என்பதை மாணவர்கள் உளங்கொள்ள வேண்டும்.

ஊரார் இவ்வாறு முயன்றது அருளினால் மட்டுமா? அன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லெரு. தழைச்சத்தும் மணிச்சத்தும் அந்நீரில் கரைந்து மடை வழியே பாய்கின்றன. நான் ஒருமுறை அங்குச் சென்றிருந்தபோது கரைமேல் அமர்ந்திருந்த முதிய உழவர் ஒருவரை, "பெரியவரே, இத்தனை பறவைகளும் உம் வயலில் இறங்கினால் பயிர் என்னாவது?" என்று வினவினேன். அவர் நகைத்து, "ஐயா, இவை நெல் தின்னும் பறவைகளா? நத்தையையும் நண்டையும் மீனையும் தின்கின்றன. தின்றுவிட்டு எருவை எங்கள் ஏரியில் இடுகின்றன. கூலி கேளாத ஆள்கள் அல்லவா இவை!" என்றார். பயன் கருதிக் காத்தனர் என்பதனால் அவர்தம் பெருமை குறைந்துவிடாது. பயனும் அன்பும் ஒன்றுபட்ட இடத்தில்தான் காவல் இருநூறு ஆண்டு நிலைத்தது.

இங்கே வரும் பறவைகளைப் பற்றி ஒரு தவறான கருத்துப் பரவியுள்ளது. சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்று பலரும் கூறுவர், எழுதுவோரும் உளர். இது சரியன்று. ஏரி நடுவே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுவன நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், துடுப்புவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா முதலியன. இவை நம் நாட்டுப் பறவைகளே. மழைக்கும் நீருக்கும் ஏற்ப நாட்டினுள்ளே இடம் பெயர்வன. இமயத்திற்கு அப்பாலிருந்து வருவன ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கிளுவை போன்றனவும் உள்ளான் வகைகளும் ஆம். அவை குளிருக்கு அஞ்சி, இரை நாடி வருகின்றன. இங்குக் கூடு கட்டுவதில்லை. வேனில் தொடங்கியதும் வடக்கே மீண்டு, அங்கேயே குஞ்சு பொரிக்கின்றன. முன்னவற்றுக்கு இது பிறந்தகம். பின்னவற்றுக்கு இது சத்திரம். இரண்டையும் ஒன்றாகக் கருதினால் எதனை, எங்கே, எப்போது காக்க வேண்டும் என்பது விளங்காது போகும்.

நத்தைகுத்தி நாரையைச் சற்றுக் கூர்ந்து நோக்குக. அதன் அலகு இரண்டும் நுனியிலும் அடியிலும் பொருந்தி, நடுவே இடைவெளியோடு நிற்கும். குஞ்சுக்கு அவ்விடைவெளி இல்லை. வளர வளரவே தோன்றும். வயற்சேற்றிலுள்ள நத்தையைப் பற்றி, அதன் ஓட்டினுள் இருக்கும் சதையை எடுத்து உண்ணுவதற்கு அவ்வலகு ஏற்றது. பாம்புத்தாராவோ உடலை நீருள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பின்பு கிளையில் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்தும். நத்தைகுத்தி, பாம்புத்தாரா, துடுப்புவாயன் என்னும் இப்பெயர்கள் எவ்வளவு இயல்பாக அமைந்துள்ளன! கண்டவர் உடனே அறியுமாறு பெயரிடும் திறம் நம் மக்கட்கு உண்டு. புதுப்பெயர் புனைய விரும்பும் புலவர்கள் முதலில் ஏரிக்கரை மக்களிடம் கேட்டறிதல் நன்று.

இனி, சற்றே கணக்குப் பார்ப்போம். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். நல்ல மழை பெய்த ஆண்டில் அங்குத் தங்கும் பறவைகளோ பல்லாயிரம். கூட்டில் வாய் பிளந்து நிற்கும் குஞ்சுகளையும் சேர்த்துக்கொள்க. இத்தனைக்கும் வேண்டிய மீனும் நத்தையும் அச்சிறிய ஏரியிற் கிடைக்குமா? கிடைக்காது. ஆகவேதான் விடியலில் அவை அணியணியாக எழுந்து நாற்றிசையிலுமுள்ள கழனிகளுக்கும் ஏரிகளுக்கும் பறந்து செல்கின்றன, மாலையில் மீள்கின்றன. பார்வையாளர் கோபுரத்தின்மேல் நின்று மீளும் காட்சியைக் கண்டு மகிழ்கின்றனர். எங்கே போய் மீள்கின்றன என்று கேட்பவர் சிலரே. வேடந்தாங்கல் அவற்றின் படுக்கையறை. அடுக்களை சுற்றுப்புறம் எங்கும் பரந்து கிடக்கின்றது. இவ்வுண்மையை உணர்ந்தே 1998 இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் சரணாலய எல்லையுள் அடங்குமாறு அறிவிக்கப்பட்டது. 2020 இல் அவ்வெல்லையைச் சுருக்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தபோது, பறவை நூலாரும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்த்தது நேரிது என்பதே என் துணிபு.

அருகிலுள்ள கரிக்கிலிக்கும் செல்க. அங்கே வாத்து வகைகளை மிகுதியாகக் காணலாம், கூட்டமும் குறைவு. கரிக்கிலி, வேடந்தாங்கல் இரண்டும் 2022 இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. ராம்சர் என்பது ஈரான் நாட்டு ஊர். நீர்நிலைகளைப் பேணுவதற்கான உலக உடன்படிக்கை 1971 இல் அங்கே கையெழுத்தாயிற்று.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையின் இடையே இருப்பது திருக்கழுக்குன்றம். கழுகின் பெயரையே ஊர்ப்பெயராகப் பெற்ற தலம் இது. பட்சி தீர்த்தம் என்றும் வழங்குவர். வேதகிரியின்மேல் நாள்தோறும் நண்பகலில் இரண்டு பறவைகள் வந்திறங்கும். அர்ச்சகர் பாறைமேல் அமர்ந்து பொங்கலை நீட்டுவார். அவர் கையருகே வந்து உண்டுவிட்டு அவை பறந்து செல்லும். சாபம் பெற்ற முனிவர் இருவரே கழுகுருவில் வருகின்றனர் என்பது தலபுராண வழக்கு. அயல்நாட்டினரும் வந்து கண்டு வியந்தனர். தமிழகத்தில் பறவை காண்பதற்கென்றே மக்கள் மலையேறிய இடம் இதுபோல் பிறிதொன்றில்லை. அவை பறவை நூலார் மஞ்சள்முகப் பாறு என்று கூறும் இனத்தவை.

1998 க்குப் பின் அவை வரவில்லை. பாறை இருக்கின்றது, கோயில் இருக்கின்றது, பறவை இல்லை.

அவ்விரு பறவைகள் எதனால் மறைந்தன என்று யாரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அக்காலத்தில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் பெரிதும் அழிந்தன என்பது மெய். மாடுகளுக்கு வலி நீக்க இட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுப் பாறு போன்றவை நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேலாக மடிந்தன. 2004 இல் காரணம் வெளிப்பட்டது. 2006 இல் கால்நடைக்கு அம்மருந்தை வழங்குதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மஞ்சள்முகப் பாறும் நாடெங்கும் அருகிவிட்டது.

இதிலிருந்து நான் உணர்வது ஒன்று. திருக்கழுக்குன்றத்துப் பறவைகளைக் கல்லெறிந்தார் இல்லை; வலை வீசினார் இல்லை. வணங்கினர், உணவளித்தனர். ஆனால் நண்பகலில் ஒரு நாழிகை நேரம் பாறைமேல் நின்ற பறவையை மட்டுமே வணங்கினர். எஞ்சிய பொழுதில் அவ்வினம் எதை உண்டது, எங்கே கூடு கட்டியது என்று எவரும் கருதவில்லை. பறவை நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் வாழ்வதில்லை. தெய்வமாகக் கொண்டாடப்பட்ட பறவைக்கே இந்நிலையாயின், பெயரறியாக் கழியில் நிற்கும் உள்ளானுக்கு யார் துணை?

அவ்வுள்ளானைக் காணக் கடற்கரைக்குச் செல்வோம். மாமல்லபுரத்துக்கு வருவோர் கடற்கோயிலையும் ஐந்து தேர்களையும் அருச்சுனன் தவத்தையும் கண்டு செல்கின்றனர். பெரும்பாறையில் பறவையுடல் கொண்ட கின்னரரைச் செதுக்கிய சிற்பிகளைப் பாராட்டும் அவர்கள், ஊருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய சேற்று நிலத்தில் உயிருள்ள பறவை நிற்பதைப் பாரார். அக்கால்வாய் காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை கடலுக்கு இணையாக வெட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தில் கூலி பெற்ற ஏழை மக்களின் உழைப்பும் அதில் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே முட்டுக்காடு, கோவளம். தெற்கே பாலாற்றின் கழிமுகம். அதற்கும் தெற்கே முதலியார்குப்பத்தை அடுத்த ஓதியூர்க் கழி. இவையெல்லாம் சாலையிலிருந்தே தெரிவன.

கழியின் இயல்பை அறிந்தால் காட்சி இன்னும் சுவைக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துக் கடலுக்குப் பாயும். மழை நின்றபின் அலை மணலைக் கொணர்ந்து வாயை அடைக்கும். பின்பு நீர் சிறிது சிறிதாக வற்ற, ஓரங்களில் சேறு வெளிப்படும். அச்சேற்றில் புழுவும் சிறுநண்டும் நிறைந்திருக்கும். பறவைகள் தத்தம் கால் நீளத்துக்கேற்ப வரிசையாக நிற்பதை அப்போது காணலாம். ஈர மணலில் ஓடி ஓடிக் கொத்துவது உப்புக்கொத்தி, கரையோரச் சேற்றில் சிற்றுள்ளான், கணைக்கால் நீரில் செந்நிறக் காலோடு நெடுங்கால் உள்ளான், இன்னும் உள்ளே தலையைக் கவிழ்த்து நீரைச் சலித்து உண்ணும் பூநாரை, ஆழத்தில் கூழைக்கடா, மேலே வட்டமிட்டுத் திடீரெனப் பாய்வது ஆலா. ஒரு முழ நீர் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் இவ்வரிசை மாறும். கழியைத் தூர்த்தாலோ ஆழமாகத் தோண்டினாலோ, நீர் எஞ்சியிருப்பினும் குறுங்கால் பறவைகட்கு அங்கு இடமில்லை. 'நீர்தான் இருக்கின்றதே' என்பார்க்கு இதுவே விடை.

கொசு உள்ளான் என்று ஒரு பறவை உண்டு. அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். கைக்குள் அடங்கும் அப்பறவை, வடமுனையை அடுத்த உறைபனி நிலத்தில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் கழிக்கு வருகின்றது. உள்ளான் இனத்தில் மூக்கன் வகை ஒன்று, 2022 இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் எங்கும் இறங்காது பறந்தது; அதன் முதுகில் பொருத்திய சிறு கருவி அதனைக் காட்டிற்று. பிறந்து சில திங்களே ஆன இளம்பறவை அது! எல்லாப் பறவைக்கும் அவ்வாற்றல் இல்லை. பெரும்பாலானவை இடையிடையே இறங்கி, உண்டு, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டுதான் மேற்செல்ல வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பயணம் அதனோடு முடியும்.

ஆதலின் இக்கழிகளின் கரையில் எழும் மதிலும், கொட்டும் குப்பையும், நிரப்பும் மண்ணும் எனக்கு அச்சம் தருகின்றன. 'பறவைக்காக மனிதன் வாழ்வு நின்றுவிட வேண்டுமா?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் அதே கழியில்தான் இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்ந்து கரையோர மக்களின் வலைக்கு வருகின்றன. அதே தாழ்நிலந்தான் பெருமழை நீரை வாங்கிக்கொள்கின்றது. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடமாகவும் குப்பைமேடாகவும் ஆக்கினோம். 2015 திசம்பரில் வெள்ளம் தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது. பறவைக்கு விட்ட இடம் மனிதனுக்கும் விட்ட இடமே.

செய்யத்தக்கது பெரிதன்று. கழியை நோக்கும் இடங்களில் ஊர்தியை ஒதுக்கி நிறுத்தச் சிறிது அகன்ற ஓரம் வேண்டும். பறவையின் படமும் தமிழ்ப் பெயரும் எழுதிய பலகை வேண்டும். கேளிக்கை மண்டபமும் ஒலிபெருக்கியும் வேண்டா. இலங்கையில் மன்னார்த் தீவுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் வங்காலைச் சரணாலயம் உள்ளது. பூநாரைக் கூட்டத்தை அங்கே சாலையிலிருந்தே காணலாம். அது 2010 இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இச்சாலையின் தென்பகுதியில் மரக்காணத்தை அடுத்த கழுவேலியும் 2021 இல் சரணாலயமாகி, 2024 இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே இது ஆகாத காரியமன்று. இடையிலுள்ள சிறு கழிகளையும் ஏரிகளையும் விட்டுவிடாமல், ஒரே தொடராகக் கருதுவதே இனி வேண்டுவது.

மாணவர்களுக்குச் சில சொற்கள். உங்கள் அரையாண்டு விடுமுறை வரும் மார்கழியே ஏரியும் கழியும் பறவையால் நிறையும் காலம். விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்தபின்போ செல்க. பாலத்தின்மேல் நில்லாது கரையில் இறங்கி, பெரியவர் துணையோடு நிற்க. பளிச்சென்ற ஆடை வேண்டா, கூச்சல் வேண்டா. பறவை எழுந்து பறந்தால் நீவிர் மிக அணுகிவிட்டீர் என்று அறிக. குறிப்பேட்டில் நாள், இடம், நீரின் அளவு, பறவையின் தொகை ஆகியவற்றை எழுதுக. பெயர் தெரியாவிடின் காலின் நிறத்தையும் அலகின் வளைவையும் வரைந்து கொள்க. பெயரைப் பின்னர்க் கேட்டறியலாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். ஓரிடத்தில் கால்மணி நேரமேனும் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும்; எவரும் சேரலாம். வேடந்தாங்கலில் எண்ணுவதற்குப் பலர் உளர். உங்கள் ஊர்த் தாங்கலில் எண்ணுவதற்கு உங்களையன்றி வேறு ஆள் இல்லை.